குளத்துக்கு நானும்தான் வந்தேன்

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் தெருவில் மீன்காரர் குரல் கேட்டது. பெரம்பலூரில் நாங்கள் இருக்கும் தெருவுக்கு வாரம் இரண்டு நாள் மொபெட்டில் வருவார். பெரும்பாலும் ஐஸில் வைத்த கடல் மீன்தான். இன்று அலுமினியக் குண்டானைத் திறந்து, "ஏரி எறாங்க, உசுரோட இருக்கு பாருங்க" என்றார். நான் குனிவதற்குள் ஓர் இறால் துள்ளி என் கால்மேல் விழுந்தது. நீலக் கால்கள். ஈரமாய், குளிர்ச்சியாய், விரல்களுக்கு நடுவில் ஊர்ந்தது. நான் கத்தவில்லை. குனிந்து வால் பக்கமாகப் பிடித்து அவர் குண்டானில் போட்டேன். "புடிக்கத் தெரிஞ்ச கையா இருக்கே" என்று சிரித்தார்.

அரைக் கிலோ வாங்கிவிட்டேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. வாளியில் தண்ணீர் ஊற்றி விட்டேன். சோறு வடிப்பதற்குள் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். உரிக்கக் கை வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாளியோடு கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகாவது நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். சரி, எழுதிவிடுவோம் என்று மகளுடைய பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது.

தொண்ணூற்றேழில் கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் அங்கே ஆறு வருடம் மூத்த மருமகள். உங்கள் வீட்டுக்காரர் பெரியவர் சவுதியில் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். குழந்தை இல்லை என்பதை அத்தை தினமும் ஏதாவது ஒரு வழியில் ஞாபகப்படுத்துவார். நீங்கள் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள். உங்களால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. உலை வைத்துவிட்டு வாசலுக்கு, வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு, அங்கிருந்து வேலியோரம். நான் ஒருநாள் கேட்டேன், "அக்கா, செத்த உக்காருங்களேன்."

"உக்காந்தா இந்த வூடு என் மேல ஏறி உக்காந்துக்குதுடி" என்றீர்கள்.

நான் பெரம்பலூருக்கு மேற்கே மானாவாரி ஊர்க்காரி. வெங்காயமும் பருத்தியும் தெரியும். கிணற்றுத் தண்ணீர் தவிர நின்ற தண்ணீரைப் பார்த்ததில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வடக்கே, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகும் அந்த ஊரில் ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் தண்ணீராய் இருந்தது எனக்குப் பயமாகவே இருந்தது.

முதல் தடவை என்னைக் குளத்துக்கு அழைத்துப்போனது அந்த ஐப்பசியில்தான். அத்தை வயலில் களையெடுக்க ஆள் விட்டிருந்தார். நீங்கள் துவைக்கிற துணிகளைக் கூடையில் அள்ளினீர்கள். "வா, நீயும் வந்து அலசு" என்றீர்கள். குளத்தில் இறங்கின பிறகுதான் கூடைக்கு அடியிலிருந்து அந்தச் சாமானை எடுத்தீர்கள். பழைய சைக்கிள் ரிம்மில் கொசுவலையை இழுத்துக் கட்டி, நடுவில் கல் வைத்து, மூன்று பக்கமும் கயிறு போட்டு ஒன்றாக முடிந்த வலை. கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை ஒன்றை அதில் வைத்துப் படித்துறைக்குப் பக்கத்தில், பாசி மண்டின இடத்தில் இறக்கினீர்கள்.

"இப்ப என்னக்கா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது. வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

வீட்டில் அரை நிமிடம் நிற்காத ஆள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தீர்கள். நான்தான் நெளிந்தேன். யாராவது வருகிறார்களா என்று கரையைப் பார்த்தேன், தண்ணீர்ப்பாம்பு வருமோ என்று காலைப் பார்த்தேன். திடீரென்று கயிற்றை ஒரே வீச்சில் தூக்கினீர்கள். வலைக்குள் ஏழெட்டு இறால், கண்ணாடி மாதிரி, துள்ளிக்கொண்டு. நான் ஒன்றை முன்பக்கமாகப் பிடிக்கப் போய்க் கடி வாங்கினேன்.

"அது பின்னாலயேதான் பாயும். மூஞ்சிக்கு நேரா கைய நீட்டாத. வாலுக்குப் பின்னால வச்சிக்க, அதுவா வந்து விழும்" என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினீர்கள். அன்று தூக்குச்சட்டி நிறைந்தது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன்.

அந்த வீட்டு மருமகள்கள் தொடையளவு தண்ணீரில் நின்று இறால் பிடித்தார்கள் என்று தெரிந்தால் அத்தை விடமாட்டார். அதனால் ஒரு பொய் சொன்னோம். ஆனைக்கரைப் பக்கத்திலிருந்து கூடைக்காரம்மா வந்தார், அரிசிக்கு மாற்றிக்கொண்டோம் என்று. அத்தைக்கு முருங்கைக்கீரை போட்ட இறால் என்றால் உயிர். இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டு, "அந்தக் கூடைக்காரிகிட்டயே வாங்குங்க, அவ நல்லா சுத்தமா எடுத்தாறா" என்றார். நாம் இரண்டு பேரும் அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். இல்லாத அந்தக் கூடைக்காரிக்கு ஊர் வைத்தோம், இரண்டு பிள்ளை வைத்தோம், ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல்கூட வரவைத்தோம்.

அந்தப் பொய் எவ்வளவு சின்னது, அக்கா. அதை அன்றே உடைத்திருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும்.

அடுத்த வருட மழைக்குக் குளத்தை மீன் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகைக்காரர் போட்ட காவல்காரர் முதல் நாளே கரையில் நின்று சத்தம் போட்டார். "யாரும்மா அது? கொளம் குத்தவையில இருக்கு, தெரியாதா?"

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறப் போனேன். நீங்கள் வலையைக்கூட மறைக்கவில்லை. "மீனத் தொட்டா கேளுங்கண்ணே. எறாவுக்கு ஒங்க மொதலாளி குஞ்சு வுட்டாரா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நம்மைத் தடுக்கவில்லை. நாற்பது வயது இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு, எப்போதும் அடுத்த கரையிலிருந்தே பேசுவார். அவருடைய இரண்டு பெண்களும் எந்த வகுப்பு என்பது வரை நீங்கள் கேட்டு வைத்திருந்தீர்கள்.

எனக்கு அந்தக் கார்த்திகையில் மூன்று மாதம். பங்குனியில் ஒன்று கலைந்திருந்ததால் வீட்டில் என்னைத் தரையில் நடக்கவிடாத குறை. நீங்கள் மட்டும், "கரையில உக்காந்து காத்து வாங்கு, தண்ணியில கால வச்ச, ஒதச்சிடுவேன்" என்று சொல்லிக் கூட்டிப்போவீர்கள்.

அன்று எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தாழம்புதர் மறைவுக்குப் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் இறால் பிடிக்கிற மூங்கில் பறி ஒன்றைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தது அப்போதுதான். "மதவுல தண்ணி வடியற வாயில இத வச்சிட்டுப் போயிடும்மா. காலைல வந்து எடுத்துக்கலாம். உள்ள போனது வெளிய வராது. சும்மா நின்னு நின்னு கால் வலிக்குதுல்ல" என்றார். புதருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. நீங்கள், "நல்லா இருப்பீங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

கரை வழியாகச் சைக்கிளில் போன மாமாவின் பங்காளி கண்ணுக்கு அவரும் நீங்களும் மட்டும்தான் தெரிந்திருக்கிறோம். பாருங்கள், 'தெரிந்திருக்கிறோம்' என்று எழுதிவிட்டேன். நான் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதையே இல்லை.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பேச்சு. அத்தை வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து அந்தப் பறியைத் தூக்கிவந்து வாசலில் போட்டார். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றார். நான் கதவோரம்.

"இது ஏது?" என்றார் அத்தை.

"எறா புடிக்கறது."

"யாரு குடுத்தா?"

"காவலுக்கு இருக்கறவரு."

"ஏன், ஊருல வேற யாருக்கும் குடுக்காம ஒனக்கு மட்டும் குடுக்கறான்? தனியாவா போன?"

நீங்கள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு என் வயிற்றை. "ஆமா. தனியாத்தான் போனேன்" என்றீர்கள்.

எனக்காகச் சொன்னீர்கள். மூன்று மாதக்காரியைக் குளக்கரைக்கு அழைத்துப்போனதாகச் சொன்னால் என் கதி என்ன ஆகும் என்று நினைத்திருப்பீர்கள். அதுவரைக்கும்கூட நான் சின்னப்பெண், வாயடைத்து நின்றேன் என்று யாராவது மன்னிக்கலாம். ஆனால் மாமா நியாயம் பார்க்கிறவர். என் பக்கம் திரும்பி நேராகவே கேட்டார்.

"மலரு, நீ எப்பயாவது இவளோட கொளத்துக்குப் போயிருக்கியாம்மா? பயப்படாத. நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி. இதைவிட அகலமாக ஒரு கதவை யாரால் திறக்க முடியும், அக்கா?

"இல்லீங்க மாமா" என்றேன்.

நீங்கள் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த பறியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனீர்கள்.

அன்று மாலையே காவல்காரரை நாலு பேர் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். குத்தகைக்காரர் அவரை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துப் பெரியவர் லீவில் வந்தார். அவர் உங்களை அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அடிக்கவில்லை. நாற்பது நாளும் நீங்கள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், உங்களைப் பார்க்காமலே விமானம் ஏறினார். அடுத்த வாரம் உங்களைப் பாடாலூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் நிறுத்தம் வரை உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். வழியில் பத்துத் தடவை சொல்ல வாயெடுத்தேன். டவுன் பஸ் திரும்பி நின்றதும் பையை வாங்கிக்கொண்டு, "வயித்துல இருக்கறதப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

வைகாசியில் மகள் பிறந்தாள். உங்களுக்கு நான் ஒரு கார்டுகூடப் போடவில்லை. மூன்று வருடம் கழித்துப் பெரியவருக்கு விருத்தாசலம் பக்கத்தில் பெண் பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பந்தியில் நான்தான் பாயசம் ஊற்றினேன். ஒருவர் சட்டையில் கொட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அப்போது வேலை இல்லாமல் வீட்டுக்குள் சுற்றுகிற வியாதி வந்துவிட்டிருந்தது. உலை, வாசல், கொட்டகை, வேலி. "பெரியவளப் போலவே ஆயிட்டு வரா" என்று அத்தை ஒருநாள் சொன்னார்.

இரண்டாயிரத்து நான்கில் என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் மோட்டார் சாமான் கடை போட்டார், நாங்கள் இங்கே குடிவந்தோம். திருச்சிக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் பாடாலூர் வழியாகத்தான் போகிறது. ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு நீங்கள் டிபன் கடை வைத்திருந்தீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பேன். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள், லாரிக்காரர்கள் பெஞ்சில் இருப்பார்கள். பஸ் கிளம்பிவிடும். எத்தனை முறை அப்படிப் போயிருப்பேன்! ஒருமுறை படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டுக் கண்டக்டரிடம், "இல்ல, திருச்சிதான்" என்று சொல்லித் திரும்ப உட்கார்ந்தேன்.

போன வருடம் தை மாதத்தில் இறங்கிவிட்டேன். மகளும் கூட இருந்தாள். தைரியத்தில் இறங்கவில்லை, அவளுக்குப் பசி என்றாள். நீங்கள் தோசையைத் திருப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தீர்கள். முடி பாதி நரைத்திருந்தது.

"உக்காரு. புள்ளைக்கு நெய் போடவா?" என்றீர்கள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். "சாப்புடற எடத்துல அழுவாத, வர்ற ஆளுங்க என்னா நெனப்பாங்க" என்று அதட்டினீர்கள். கூட்டம் குறைந்ததும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் சொன்னேன், "அன்னைக்கு நான் சொல்லியிருக்கணுங்க்கா."

'பரவாயில்லை, விடு' என்பீர்கள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றீர்கள். "சொல்லியிருந்தா அந்த வூட்டுலயே கெடந்திருப்பேன். அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல. இங்க என் கையில கரண்டி, என் இஷ்டத்துக்கு நிக்கறேன், என் இஷ்டத்துக்குப் படுக்கறேன். ஆனா நீ சொல்லியிருக்கணும். அது வேற, இது வேற."

மகள் கை கழுவப் போயிருந்தாள்.

"எனக்காக ஒண்ணும் வேணாம். அந்த மனுசனப் போட்டு அடிச்சாங்கல்ல, அவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அதுங்க காதுலயும் அந்தப் பேச்சு வுழுந்திருக்கும். அவருக்காகவாவது மாமாகிட்ட போயி சொல்லு."

"சொல்றேங்க்கா" என்றேன். உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

சொல்லவில்லை. ஆடிக்குப் போனேன், மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனேன், உறவுக்காரர்கள் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. திருச்சிக்குப் போக வேண்டியிருந்தால் காரணம் சொல்லி என் வீட்டுக்காரரையே அனுப்பினேன். பாடாலூரில் நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "சொல்லிட்டியா?" என்று கேட்டால் என்ன சொல்வது? இந்த வருடம் ஆனியில், காய்ச்சல் என்று படுத்தவர் ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள் என்று கடைக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்குள் எல்லாம் முடிந்து மூன்று நாள்.

பதினாறாம் நாள் பாடாலூருக்கு வந்தேன். உங்கள் தம்பி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. அரியலூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஊருக்கு. என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அங்கே வரச் சொன்னேன். அதே வாசல். மாமா அதே நாற்காலியில்.

"மாமா, அக்கா தனியாப் போகல. குளத்துக்கு நானும்தான் போனேன். மொத நாள்லேருந்து ஒவ்வொரு தடவையும் போனேன். அந்தப் பறிய அவரு குடுக்கறப்ப நான் தாழம்புதருக்குப் பின்னால இருந்தேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

என் வீட்டுக்காரர் முகம் கறுத்தது. அத்தை கேட்டார், "அப்ப அந்தக் கூடைக்காரி?"

"அப்படி யாரும் இல்லீங்க அத்தை."

"அந்த எறாவெல்லாம் நீங்க புடிச்சதா?"

"ஆமாங்க."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். உங்கள் மேல் போட்ட பழி பொய் என்பதைவிட, தான் வாயாரப் புகழ்ந்து சாப்பிட்டது நீங்கள் பிடித்தது என்பதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். அழுதார். மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பெரியவருக்குப் போனில் சொன்னார்கள். "இப்ப எதுக்கு அது" என்று வைத்துவிட்டாராம்.

போன மாதம் மாமா மட்டும் தனியாகப் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். காபிகூடக் குடிக்கவில்லை. "அந்தக் காவக்காரன் ஜெயங்கொண்டத்துல இருக்கானாம். நீயும் வா" என்றார். போனோம். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை ஒன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இடது கை சரியாக மடங்கவில்லை. மாமா அவருக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டைக்காரர்கள் சுற்றி நின்று கேட்டார்கள், கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நின்றேன். "பொண்ணு ரெண்டையும் கட்டிக் குடுத்துட்டேங்க. பெரியவளுக்குத்தான் ரெண்டு எடம் தட்டிப் போச்சு" என்றார் மாமாவிடம். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அக்கா, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் சட்டென்று வெயிலில் போய் நின்றுகொண்டார்.

அன்று மாலை மகள் வந்து கேட்டாள், "அந்த தோசைப் பெரியம்மா யாரும்மா? நெஜமாவே பெரியம்மாவா?" அவளுக்கு எட்டு வயது. எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய் உள்பட. கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"பயம்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

இல்லை என்றேன். மாமா வாசலில் நான் நின்றபோதும் முழங்கால் ஆடியது, கொட்டகையில் பேசும்போதும் ஆடியது. அதோடுதான் பேசினேன். ஆடாத கால் எனக்கு இனி வராது, அக்கா. இதை ஒன்பது வருடம் முன்னால், நீங்கள் உயிரோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வாசலில் செய்திருக்கலாம் என்று தெரிந்தே இனி இருக்க வேண்டும்.

உங்கள்
மலர்